மதகுச் சுவரில் எந்தக் குறியை எழுதுவது?

போன ஐப்பசி மழையில் எங்கள் பக்கம் ஒரு வாய்க்கால் கரை உடைந்தது. போனில் சொன்னவர் "புளியமரத்து மதகுக்குக் கீழே" என்றார். மணல் மூட்டை ஏற்றிய டிராக்டர் போய் நின்றது வேறொரு புளியமரத்து மதகில். இதில் வேடிக்கை என்னவென்றால், 2018 நவம்பர் கஜா புயலுக்குப் பிறகு அந்த இரண்டு மதகிலும் புளியமரமே கிடையாது. பெயர் மட்டும் நிற்கிறது.

அந்த ராத்திரிக்குப் பிறகுதான் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசினோம். காவிரி டெல்டாவில் பாமணியாற்றிலிருந்து பிரியும் சி, டி பிரிவு வாய்க்கால்களை, அதாவது சின்னக் கிளைகளை, வரைபடத்தில் ஏற்றுவது. ஒவ்வொரு மதகுக்கும் ஓர் இடக்குறி கொடுத்து, அதைச் சுவரில் பெயிண்டால் எழுதுவது. நாலு பேரில் ஒருவர் லஸ்கர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஷட்டர் தூக்கித் தூக்கி மரத்துப்போன கை. ஒருவர் விவசாயி. ஒருவன் பாலிடெக்னிக் மாணவன். கணினி தெரிந்தவன் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

எந்தக் குறி என்பது ஒரு மாலையில் முடிகிற விஷயம் என்று நினைத்தேன். மூன்று மாதம் ஆகிவிட்டது. காரணம், மாணவனின் மாமா. பெங்களூரில் மென்பொருள் வேலை. "சும்மா எதையாவது எடுத்துப் போட்டுடாதீங்க. மேப் விஷயத்துல பேட்டன்ட் நிறைய இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றி. காப்புரிமை என்று தமிழில் எழுதினால் பாதிப் பேர் புத்தகத்துக்கு உள்ள உரிமையை நினைக்கிறார்கள், பாதிப் பேர் கண்டுபிடிப்புக்கு உள்ளதை. அதனால் இங்கே பேட்டன்ட் என்றே எழுதுகிறேன். பதிப்புரிமை எழுதியதைக் காக்கும். பேட்டன்ட் செய்யும் முறையையே பிடித்துக்கொள்ளும். யாரையும் பார்த்து எழுதாமல், நீங்களே யோசித்து நிரல் எழுதியிருந்தாலும், முறை அதேதான் என்றால் மாட்டிக்கொள்வீர்கள். மென்பொருளில் இது ஏன் தொல்லை என்றால், வேலை செய்கிறவன் நாளுக்குப் பத்து முறையை யோசிக்கிறான். அதில் எது ஏற்கெனவே ஒருவர் பெயரில் இருக்கிறது என்று தேடிப் பார்க்க யாருக்கும் நேரம் கிடையாது.

வரைபட உலகில் நடந்த ஒன்றிரண்டைச் சொல்கிறேன். அறுவடை நேரத்தில் நம் ஆட்கள் முதலில் கேட்பது "பக்கத்தில் எந்தக் கொள்முதல் நிலையம் திறந்திருக்கிறது?" என்பது. கைபேசியில் ஒரு பொத்தான் வைத்துப் பக்கத்தில் உள்ளதைக் காட்டுவது ஒரு நாள் வேலை. அமெரிக்காவில் ஜியோடேக் என்ற நிறுவனத்தின் கையில், 1996இல் விண்ணப்பித்து 1999இல் கிடைத்த ஒரு பேட்டன்ட் இருந்தது: தகவல்களை இடவாரியாக அடுக்கி இணையத்தில் தேடித் தருவது பற்றியது. அதை வைத்துக்கொண்டு 2010 முதல், "எங்கள் கடை உங்கள் ஊரில் எங்கே" என்று காட்டும் பக்கம் வைத்திருந்த நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டது. பீட்சா கடையும் துணிக்கடையும் மென்பொருள் நிறுவனங்கள் அல்ல. ஆனாலும் வக்கீல் வைக்க வேண்டியிருந்தது. இந்த மாதிரி வழக்கில் ஜெயிப்பதற்கு ஆகும் செலவு, சமரசத்துக்குக் கொடுக்கும் பணத்தைவிட அதிகம். அதனால்தான் இந்தத் தொழில் நடக்கிறது.

இன்னொன்று பெர்லினில் தொடங்கிய கதை. ஆர்ட்+காம் என்ற குழு 1990களின் நடுவில் டெர்ராவிஷன் என்று ஒன்றைச் செய்தது: பூமி உருண்டையைத் திரையில் சுழற்றி, ஓர் ஊர் வரை இறங்கிப் பார்க்கலாம். பிற்பாடு கூகுள் எர்த் வந்தது. 2014இல் அந்தக் குழு கூகுள் மீது பேட்டன்ட் வழக்குப் போட்டது. 2016இல் ஜூரி பேட்டன்ட்டே செல்லாது என்றது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. ஏன்? கலிஃபோர்னியாவில் எஸ்ஆர்ஐ என்ற ஆய்வு நிறுவனம் அதற்கும் முன்பே இதே போன்ற ஒன்றைச் செய்திருந்தது. அதன் பெயரும் டெர்ராவிஷன்தான்! இங்கே பெரிய நிறுவனம் தப்பியது, சின்னக் குழு தோற்றது. அதனால் யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்கு இன்னும் குழப்பம் உண்டு. ஆனால் ஒன்று பிடிபட்டது. வழக்கை முடித்தது வாதத் திறமையைவிட, "இது முன்னாலேயே இருந்தது" என்று காட்ட ஆதாரம் கிடைத்ததுதான்.

வரைபடத் துண்டுகளையும் வான்படங்களையும் நாம் ஜேபெக் கோப்பாகத்தானே வைக்கிறோம்? அதற்கும் ஒரு பழைய பேட்டன்ட்டைக் காட்டி 2002 முதல் ஒரு நிறுவனம் 10 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2006இல் அமெரிக்க பேட்டன்ட் அலுவலகம் மறுபரிசீலனை செய்து முக்கிய உரிமைக்கூறுகளை நிராகரித்த பிறகுதான் வசூல் நின்றது. 2009இல் மைக்ரோசாஃப்ட், டாம்டாம் என்ற வழிகாட்டிக் கருவி நிறுவனத்தின் மீது 8 பேட்டன்ட்களை வைத்து வழக்குப் போட்டு சுமார் ஒரு மாதத்தில் சமரசம் ஆனது. இப்படி நீளும்.

"இதெல்லாம் அமெரிக்கா. நமக்கென்ன?" என்று விவசாய நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. நம் 1970ஆம் ஆண்டு பேட்டன்ட் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணித முறை, வணிக முறை, அல்காரிதம், "அதனளவில்" கணினி நிரல் ஆகியவை கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது. அந்த "அதனளவில்" என்ற ஒரு சொல்தான் வாய்க்காலில் நண்டு வளை மாதிரி. 2004 டிசம்பரில் அவசரச் சட்டம் வழியாக அந்த வளையைப் பெரிதாக்கப் பார்த்தார்கள். 2005இல் நாடாளுமன்றம் அந்தப் பகுதியை ஏற்கவில்லை. (அதே 2005 ஜூலையில் ஐரோப்பிய நாடாளுமன்றமும் மென்பொருள் பேட்டன்ட் வரைவை 648க்கு 14 என்று தூக்கி எறிந்தது.) ஆனால் 2019இல் டெல்லி உயர் நீதிமன்றம், தொழில்நுட்ப விளைவு இருக்கும் கண்டுபிடிப்பை, கணினி நிரல் சார்ந்தது என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிவிடக் கூடாது என்றது. ஆக, எங்கள் பக்கம் வாய்க்கால் வரைபடம் போடுகிறவனுக்கு நாளைக்கே நோட்டீஸ் வரும் என்று பயமுறுத்த மாட்டேன். ஆபத்து வேறு வழியில் வரும்: நாம் நம்பி எடுக்கும் கருவி வெளிநாட்டில் ஒருவர் கையில் பூட்டப்பட்டிருந்தால், பூட்டு அங்கே விழுந்தாலும் மதகு இங்கே மூடிக்கொள்ளும்.

சரி, குறிக்கு வருவோம். ஐந்து வழிகளைப் பார்த்தோம்.

அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அப்படியே எழுதுவது முதலாவது. இதற்கு எவனும் உரிமை கொண்டாட முடியாது. நம் மண்ணுக்கும் இதோடு பழைய உறவு உண்டு: 1808இல் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் தன் அளவைப் பணிக்காக, அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது அது கயிறு அறுந்து மோதி நசுங்கியது. சமவெளியில் மேடு கிடையாதே, கோபுரத்தை விட்டால் ஏறி நிற்க இடமேது? நசுங்கியதை அவரே உட்கார்ந்து சரிசெய்தார். எங்கள் கவலை சின்னது. மதகு அளவுக்குத் துல்லியம் வேண்டுமானால் புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம் வேண்டும். இரண்டு எண்ணும் சேர்ந்து பதினாலு இலக்கம். கொட்டும் மழையில், டவர் விட்டு விட்டு வரும் போனில் பதினாலு இலக்கம் சொல்லிப் பாருங்கள். புள்ளிக்குப் பிறகு மூன்றாவது இலக்கத்தில் ஒன்று தப்பினால் 110 மீட்டர் தள்ளிப் போய் நிற்பார்கள்.

இரண்டாவது, வாட்3வேர்ட்ஸ். உலகத்தை 3 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மூன்று சொல். தமிழிலும் உண்டு. லஸ்கர் பெரியவருக்கு இதுதான் பிடித்தது. "மூணு வார்த்தைதானே தம்பி, மனசுல நிக்கும்" என்றார். நியாயம்தான், மற்ற குறிகள் எல்லாம் இங்கிலீஷ் எழுத்து, அவருக்கு அது ஒட்டாது. நானும் ஒரு வாரம் இதன் பக்கமே சாய்ந்திருந்தேன்.

விட்டதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, போனில் தமிழ். மழை, மலை என்று நாம் பேசும்போது எதிர்முனையில் என்ன விழுகிறது? ல, ள, ழ மூன்றையும் ஒரே மாதிரி உச்சரிக்கிற ஆட்கள்தான் பெரும்பாலும் நாம். சொற்பட்டியல் முழுதும் வெளியில் கிடைக்காததால், குழப்பும் இணைகள் அதில் எத்தனை என்று நாங்கள் சரிபார்க்க வழியில்லை. இங்கிலாந்திலேயே 2021இல் மலை மீட்புக் குழுவினர், தவறாகக் கேட்டும் எழுதியும் வேறு இடத்தைக் காட்டிய சொற்களைப் பற்றிக் கவலை தெரிவித்தார்கள். அதோடு, பக்கத்துக் கட்டங்களுக்கு வேண்டுமென்றே சம்பந்தமில்லாத சொற்கள் தரப்படுகின்றன. மேல் மதகையும் கீழ் மதகையும் பார்த்து இது இதற்கடுத்தது என்று ஊகிக்க முடியாது.

இரண்டாவது காரணம் பூட்டு. இந்த முறைக்கு நிறுவனம் பேட்டன்ட் வாங்கி வைத்திருக்கிறது. இணையம் வழியாக மாற்றித் தரும் சேவையும் அவர்களுடையது. 2021இல், இதற்கு ஒத்த ஒரு திறந்த மாற்று நிரலைப் பிறருக்குத் தருவதாகச் சொன்ன ஒரு பாதுகாப்பு ஆய்வாளருக்கு, அதை அழித்துவிடச் சொல்லி வக்கீல் கடிதம் போனது. அந்தக் கடிதத்தின் அடிப்படை பெரும்பாலும் பதிப்புரிமை, அதையும் சொல்லிவிட வேண்டும். தங்கள் சொத்தைக் காக்க அவர்களுக்கு உரிமை இல்லையா என்றால், உண்டு. ஆனால் மதகுச் சுவரில் எழுதுகிற எழுத்துக்கு எங்கோ ஒருவர் சொந்தக்காரர் என்றால், அது ஊர் மதகுக்கு ஒத்துவராத ஏற்பாடு.

மூன்றாவது, பிளஸ் கோட். கூகுள் 2014இல் வெளியிட்டது. பெரிய நிறுவனத்தின் பொருள்தான், ஆனால் அப்பாச்சி என்ற, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற உரிமத்தில் திறந்துவிட்டிருக்கிறது. இந்த உரிமத்தில் எனக்குப் பிடித்த ஒரு ஷரத்து உண்டு: நிரலைத் தருகிறவர் கையில் அது சம்பந்தமான பேட்டன்ட் இருந்தால் அதைப் பயன்படுத்தும் அனுமதியும் சேர்ந்தே வருகிறது, நிரல் தன் பேட்டன்ட்டை மீறுகிறது என்று நீ வழக்குப் போட்டால் உனக்குக் கிடைத்த அனுமதி போய்விடும். கொடுக்கல் வாங்கலில் தெளிந்த கிராமத்துப் பெரியவர் எழுதிய பத்திரம் மாதிரி இருக்கிறது. பல திறந்த உரிமங்கள் பேட்டன்ட் பற்றி வாயே திறப்பதில்லை. ஊர்ப் பெயரோடு சேர்த்தால் குறியும் சின்னது. உயிரெழுத்து எதையும் சேர்க்காமல் இருபது எழுத்துகளைப் பொறுக்கியிருக்கிறார்கள், தற்செயலாகக் கெட்ட வார்த்தை வந்துவிடக் கூடாதாம். ஒரே குறை: வழக்கமான பத்து எழுத்துக் குறி காட்டுவது சுமார் 14 மீட்டர் கட்டம். எங்கள் வாய்க்காலின் அகலமே அதில் பாதி வராது. எதிரெதிர்க் கரையில் இரண்டு மதகு இருந்தால் ஒரே குறி வந்துவிடும். பதினோராவது எழுத்தைச் சேர்த்தால் தீரும். ஆனால் சேர்க்க மறப்பார்கள்.

நாலாவது, அஞ்சல் துறை 2025 மே மாதம் வெளியிட்ட டிஜிபின். ஐஐடி ஹைதராபாத், இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையம் ஆகியவற்றோடு சேர்ந்து செய்தது. இந்தியாவை மூடுகிற பெரிய சதுரத்தை 16 கட்டமாகப் பிரி. விழுந்த கட்டத்தை மறுபடி 16 ஆகப் பிரி. இப்படிப் பத்து முறை. பத்து எழுத்து, சுமார் 4 மீட்டர் கட்டம். சூத்திரமும் நிரலும் வெளியில் இருக்கின்றன. இணையம் இல்லாமலே, பொறுமை இருந்தால் காகிதத்தில்கூடப் போட்டுவிடலாம். மாணவன் போட்டுக் காட்டினான். ஒரே வாய்க்காலில் உள்ள மதகுகளுக்கு முதல் ஐந்தாறு எழுத்துகள் பெரும்பாலும் ஒன்றாகவே வரும், கட்டத்தின் விளிம்பில் மட்டும் மாறும். பேட்டன்ட் கண்ணோடு பார்த்தால் இதன் பெரிய பலம், யோசனை புதியதே அல்ல என்பது. நிலத்தை நாலு நாலாகப் பிரித்துக்கொண்டே போகும் குவாட்ட்ரீ 1974லிருந்து இருக்கிறது. இடத்தை ஒரே வரிசை எண்ணாக மாற்றும் மார்ட்டன் முறை 1966. இத்தனை பழையதை ஒருவர் தனதென்று எழுந்து வருவது கஷ்டம். குறை என்றால், இப்போதுதான் வந்தது; எங்கள் பக்கத்துத் தபால்காரருக்கே நாங்கள்தான் விளக்கினோம்.

ஐந்தாவது, துறையின் பழைய கணக்கு: ஆற்றின் பெயர், தலைப்பிலிருந்து எத்தனை கிலோமீட்டர், வலது கரையா இடது கரையா. எங்கள் ஆறு பிரியும் மூணாறு தலைப்பிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் பெரியவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். இதை எந்த வக்கீலும் தொட முடியாது. ஆனால் சி, டி பிரிவுக்குள் இறங்கினால் இந்தக் கணக்கு கரைந்துவிடுகிறது. வயலுக்குள் போகும் கன்னி வாய்க்காலுக்குச் சுத்தமாகக் கிடையாது.

அடிப்படை வரைபடத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கூகுள் மேப்ஸ் பார்க்க அழகு. ஆனால் அதன் மேல் வைத்துக் கோடு இழுத்து நம் வரைபடமாக எடுத்துக்கொள்ள நிபந்தனைகள் இடம் தருவதில்லை. 2018லிருந்து செயலிக்குள் பயன்படுத்தக் கட்டணக் கணக்கும் திறக்க வேண்டும். இஸ்ரோவின் புவன் வரைபடத் தளம் பார்வைக்கு நல்லது, நாமே வாய்க்கால் வரைந்து எல்லோருக்கும் கொடுக்க எனக்குத் தோதுப்படவில்லை. தன்னார்வலர்கள் சேர்ந்து போடும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வரையலாம், திருத்தலாம், இறக்கிக்கொள்ளலாம். 2021 பிப்ரவரி விதிமுறைகளுக்குப் பிறகு இந்தியர்கள் வரைபடம் போட முன் அனுமதியும் தேவையில்லை. அதையே எடுத்தோம். ஒன்றை மட்டும் கவனிக்க: அதன் தரவு உரிமம் பேட்டன்ட்டுகளை உள்ளடக்காது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. "திறந்த தரவு, பயமில்லை" என்று யாராவது சொன்னால் முக்கால் உண்மை. வரைபடத்தைச் சதுரத் துண்டுகளாக வெட்டி அனுப்பும் முறைக்கே கூகுள் அமெரிக்காவில் பேட்டன்ட் எடுத்தது. இன்று ஓபன்ஸ்ட்ரீட்மேப் உள்பட எல்லோரும் புழங்குவது துண்டுகளைத்தான். அதற்கும் முன்பே, 1998இல் வந்த மைக்ரோசாஃப்டின் டெர்ராசர்வரும் வான்படங்களைத் துண்டு துண்டாக வெட்டித்தான் அனுப்பியது.

கடைசியாக, நாங்கள் எதிர்பாராத கேள்வி. வாய்க்கால் கிளைகளை வைத்து, தலைப்பில் தண்ணீர் திறந்தால் கடைமடைக்கு எத்தனை மணியில் போகும், முறை வைத்தால் யாருக்கு எப்போது என்று கணக்குப் போடும் சின்ன நிரல் ஒன்றை மாணவன் எழுதினான். பெங்களூர் மாமா உடனே, "நீங்களே பேட்டன்ட் போட்டுடுங்க" என்றார். எச்சரித்தவரே இப்படிச் சொன்னதுதான் சுவாரஸ்யம்.

பேட்டன்ட் எடுப்பதா, ரகசியமாக வைப்பதா, வெளியிட்டுவிடுவதா? தனிநபர் இணையம் வழி விண்ணப்பிக்க 1,600 ரூபாய், பரிசீலனைக்கு 4,000. பார்த்தால் உரமூட்டைக் காசுதான். ஆனால் விண்ணப்பத்தை எழுதித் தரும் முகவருக்கு இதைப் போலப் பல மடங்கு. மூன்றாம் ஆண்டிலிருந்து 20 ஆண்டு வரை வருடா வருடம் புதுப்பிப்பு. அதுவும் இந்தியாவுக்குள் மட்டும். இதையெல்லாம் தாண்டினாலும் எங்களுடையது அல்காரிதம் என்று 3(கே) வாசலிலேயே நிறுத்திவிடும் என்பது என் கணிப்பு. அப்படியே கிடைத்தாலும் யார் மீது வழக்குப் போடுவோம், பக்கத்து ஊர்ப் பாசனச் சங்கத்தின் மீதா? ரகசியம் இன்னும் மோசம். நாளைக்கு வேறொருவர் இதே முறைக்கு உரிமை கேட்டு நிற்கும்போது, நம்மிடம் முன்பே இருந்தது என்று காட்ட ஒரு தாள் இருக்காது.

வெளியிடுவதன் பலம் நமக்கு மஞ்சளில் தெரிந்ததுதான். காயத்துக்கு மஞ்சள் வைப்பதற்கு 1995இல் அமெரிக்காவில் பேட்டன்ட் கொடுத்தார்கள். நம் அரசின் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர் 32 பழைய சான்றுகளைக் கொண்டுபோய்க் கொட்டி 1997இல் ரத்து செய்ய வைத்தது. பாட்டி சொன்னாள் என்பது செல்லவில்லை, அச்சில் இருந்ததுதான் செல்லுபடியானது. பிறகு 2001இல் பாரம்பரிய அறிவு மின்னூலகம் தொடங்கி, சித்த மருத்துவம் உள்பட நம் மருத்துவ நூல்களில் உள்ளதை ஐந்து வெளிநாட்டு மொழிகளில் போட்டு வைத்தார்கள், பரிசீலனை செய்கிறவர் கண்ணில் பட வேண்டுமே. நாங்களும் அதையே சின்ன அளவில் செய்கிறோம்: நிரலும் முறையின் விளக்கமும் தமிழில், ஒரு பக்கச் சுருக்கம் ஆங்கிலத்தில், தேதியோடு, பொதுவில். உரிமம் அப்பாச்சி. வெளியிட்டபின் மனம் மாறி நாமே பேட்டன்ட் கேட்கலாமா என்றால், பெரும்பாலும் கதவு மூடிவிடும். மாணவனிடம் இதை இரண்டு முறை சொல்லிக் கேட்டேன். "பரவாயில்லண்ணே" என்றான். வெளிநாட்டில் செயலி விற்கிற எண்ணம் உங்களுக்கு இருந்தால் எங்கள் கணக்கு பொருந்தாது, ஒரு பேட்டன்ட் முகவரைப் பாருங்கள்.

சுவரில் டிஜிபின் என்று முடிவானது. அடியில் துறையின் கிலோமீட்டர் கணக்கு இருக்கிற இடத்தில் அதுவும். பெரியவர் மட்டும் சமாதானமாகவில்லை. "அந்த எழுத்து உங்களுக்கு. எனக்கு எங்க?" என்றார். அதனால் எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய தமிழ் எழுத்தில் மதகின் பெயர். ஒரே பெயர் இரண்டு வந்தால் மேல், கீழ் என்று சேர்த்துக்கொள்கிறோம். ஜூன் 12க்கு மேட்டூர் திறந்தால் தண்ணீர் வந்து சேர்வதற்குள் பெயிண்ட் காய வேண்டும். முதலில் எழுதியது மேல் புளியமரத்து மதகில்.